கொஞ்சம் தமிழ் பேசும்

வெள்ளிக்கிழமைக் கேள்விக்கு
இரண்டு சான்று வேண்டும்.
தயாளன் போட்ட விதி. பேருந்து ஓட்டுகிறவர்,
விளக்கில்லாத சந்தியிலும் நின்று பார்த்துப் போகிறவர்.
தெரிந்தவர்களைக் கேட்கக் கூடாது. ஊகம் செல்லாது.
தேடலாம். எவ்வளவு வேண்டுமானாலும் தேடலாம்.
தோற்றவர் நால்வருக்கும் வாங்கித் தர வேண்டும்,
யீஷூனில், மீன்சூப் கடைக்குப் பக்கத்து மேசையில்.

எனக்குப் பல் மருந்தகத்தில் வேலை.
ஊசி போட்ட பின் ஈறு மரத்துப்போக
ஐந்து நிமிடம் ஆகும்.
வந்தவர் மேலே விளக்கைப் பார்ப்பார்
நான் கீழே கைப்பேசியைப் பார்ப்பேன்.
அப்படித்தான் தெரிந்துகொண்டேன்
நத்தைக்குப் பல் ஆயிரக்கணக்கில் என்று,
வொம்பாட் என்றொரு விலங்கு
கட்டை கட்டையாய், சதுரமாய்ப் போகும் என்று.
இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?
முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொள்ளலாம்,
அவ்வளவுதான்.

இந்த வாரக் கேள்வி ரொஸ்னாவுடையது:
எழுபத்து நான்கில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பி
சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் குடியேறிய நீர்யானை
எத்தனை நாள் வெளியே இருந்தது?

சுலபம் என்று நினைத்தேன்.
ஒரு பக்கம் நாற்பத்தேழு என்றது.
இன்னொன்று கூட்டிச் சொன்னது.
வேலி தாண்டிய நாளிலிருந்தா எண்ணுவது,
காணோம் என்று யாரோ கவனித்த நாளிலிருந்தா?

அன்றிரவு பழைய நாளிதழ்களுக்குள் இறங்கினேன்.
நூலகம் படம்பிடித்து வைத்த தாள்கள்,
பெரிதாக்கினால் எழுத்தெல்லாம் எறும்பு.
நீர்யானைக்கு எத்தனை பத்தி!
அதிலிருந்து நாலு பக்கம் தள்ளி
விற்பனைக்கு ஒரு தையல் இயந்திரம்,
வாடகைக்கு ஓர் அறை,
இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டு மூன்று வரி:

காணவில்லை. பச்சைக்கிளி. குவீன்ஸ்டவுன் பக்கம்.
கொஞ்சம் தமிழ் பேசும்.
கொண்டுவந்தால் பத்து வெள்ளி.

கீழே ஆறு இலக்கத்தில் ஓர் எண்,
இன்று எந்த வீட்டிலும் மணியடிக்காது.

கொஞ்சம் என்றால் எவ்வளவு?
ஒரு பெயரா, ஒரு வசவா?
கதவு தட்டினால் யாரது என்று கேட்குமா,
பால் பொங்குது பால் பொங்குது என்று
யாருடைய குரலிலாவது கத்துமா?
ஆங்கிலத் தாளில், ஆங்கிலத்தில்,
சொல்லுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்தவர்
நிறத்துக்கும் இடத்துக்கும் போக
மிச்சக் காசை மொழிக்குச் செலவழித்திருக்கிறார்.

மணி இரண்டு.
நீர்யானை அப்படியே நீரில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை தோற்றேன். வாங்கித் தந்தேன்:
இரண்டு கோப்பி ஓ கோசோங், ஒரு தே சி,
மெங் ஹுவாவுக்கு ஐஸ் போட்ட பார்லி.
அடுத்தது என் முறை.
கிளி கிடைத்ததா, என்று கேட்டேன்.

"பதில் இருக்கிறதா என்றே தெரியாது. செல்லாது,"
என்றார் தயாளன்.
ரொஸ்னா கிளியின் ஆயுளை அங்கேயே தேடி
கிடைத்திருந்தாலும் இப்போது இருக்காது
என்று கணக்குச் சொன்னாள்.
மெங் ஹுவா ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான்.
பல் போகும் என்று சொல்லிச் சொல்லி
நானும் விட்டுவிட்டேன்.

செவ்வாய் இரவு ஒன்றரைக்கு
அவனிடமிருந்து ஒரு படம். கூடவே ஒரு சொல்லும் இல்லை.
அதே கிளி. ஒரு வாரம் தள்ளிய தேதி.
இருபது வெள்ளி.
இந்த முறை "கொஞ்சம்" இல்லை.
தமிழ் பேசும்.

காசை மிச்சம் பிடித்தாரா,
இல்லை, ஒரு வாரம் வீடு சும்மா இருந்ததில்
அது பேசியது பெருகிவிட்டதா?
எந்தக் கட்டத்தில் தட்டித் தேடுவது இதை?

மூன்றாம் வாரத் தாள்களை
நால்வரும் தனித்தனியே புரட்டியிருக்கிறோம்.
யாரும் யாரிடமும் சொல்லவில்லை.
அதில் இல்லை.
கிடைத்திருக்கும் என்கிறார் தயாளன்,
முதன்முறையாக, ஒரு சான்றும் இல்லாமல்.
காசு தீர்ந்திருக்கும் என்கிறாள் ரொஸ்னா.

நாற்காலியில் ஒருவர் விளக்கைப் பார்த்தபடி இருக்கிறார்.
ஈறு மரத்துப்போக இன்னும் மூன்று நிமிடம்.
நான்காம் வாரத்தைத் திறக்கிறேன்.