சேவல் மேல் விழுந்த பழி

ஆகஸ்ட். சிலோவே தீவில் இந்த மாதத்தில்
மழை நின்றதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.
கொல்லையில் மூன்று கோழிகளுக்கு முதுகு வெறுமை.
சாம்பலிக்கு வாலடியும் போய்
வெந்நீரில் முக்கியெடுத்தது மாதிரி தோல்.

சேவல்தான் என்றான் அண்ணன் நோல்பெர்த்தோ,
கூட்டைத் திறந்துகூடப் பார்க்காமல்.
மிதித்து மிதித்து உரித்திருக்கிறான்.
எனக்கும் அப்படித்தான் பட்டது.
குதிமுள் என் சுண்டுவிரல் நீளம்,
போதாதா?
காலைக் கட்டிக் கோணியில் போட்டு
எதிர்த்தீவுக்குப் படகு விடும் ரெமிகியோவிடம் கொடுத்தேன்.
கூலி எவ்வளவு என்றேன்.
சேவலே கூலி என்றார்.

மூன்று வாரம்.
நான்காவது கோழிக்கும் முதுகு தெரிந்தது.

சால்மன் ஆலையில் என் வேலை, பார்ப்பது.
வெள்ளை விளக்கின் கீழ் மீன்துண்டு நகர்ந்து வரும்.
முள், ரத்தக்கட்டு, கடல்பேன் விட்ட தழும்பு
எதுவும் என்னைத் தாண்டிப் போகக் கூடாது.
பன்னிரண்டு வருடமாய்ப் பார்க்கிறேன்,
மணிக்கணக்கில், கூலிக்கு.

அன்று ராத்திரி தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போனேன்.
அவை தூங்கும் கழியின் அடிப்புறத்தை
வெள்ளைத் துணியால் துடைத்தேன்.
பகலில் விரிசலுக்குள் ஒளிந்து இருட்டில் ஏறிவரும்
செவ்வுண்ணி இருந்தால் துணியில் ரத்தக்கோடு விழும்.
தூசிதான் விழுந்தது.
ஒவ்வொன்றாய்த் தூக்கிக் கவிழ்த்து
பின்துளையைச் சுற்றி ஊதி ஊதிப் பார்த்தேன்.
பேன் ஓடவில்லை. இறகடியில்
சர்க்கரை ஒட்டியதுபோல் ஈர் இல்லை.
இறகுதிர் காலமும் இல்லை, அது மார்ச்சில் வரும்,
தலையில் தொடங்கி வரிசையாய் இறங்கும்.

சேவல் மிதித்தால் இறகு முறியும்.
தண்டு பாதியில் நிற்கும், ஓரம் நைந்து.
இங்கே தண்டே இல்லை. வேரோடு பிடுங்கியிருக்கிறது.
சரி, பிடுங்கிய இறகு எங்கே?
வைக்கோலைக் கிளறினேன், மண்டியிட்டுக் கிளறினேன்.
நாலு முதுகின் இறகு.
ஒன்றுகூட இல்லை.

ஞாயிறு. பூசைக்குப் போகவில்லை.
கவிழ்த்த வாளிமேல் மழைக்கோட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன்.
பதினோரு மணி வாக்கில் மோன்ஹா வந்தாள்.
மோன்ஹா என்றால் எங்கள் பாஷையில் கன்னியாஸ்திரி.
கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து,
சண்டை அறியாதவள், நீலமுட்டை தவறாதவள்,
தன் இறகு ஒன்றுகூடக் குலையாதவள்.
(அதையே முதல் நாள் கவனித்திருக்கலாம்.)
சாம்பலியின் பின்னால் போய்
வணங்குவதுபோல் குனிந்தாள்.
ஒரே இழுப்பு.
அலகில் நேராக்கி, நூடுல்ஸ் மாதிரி
உள்ளே வாங்கிக்கொண்டாள்.
சாம்பலி கத்தக்கூட இல்லை, பழகியிருந்தது.

கத்தி ஞாபகம் வந்தது. உண்மையைத்தான் சொல்கிறேன்.
பிடித்து மடியில் அமுக்கித் தீனிப்பையைத் தடவினேன்.
மாவு. பிசைந்து வைத்த மாவு.
பேக்கரியில் மிஞ்சும் ரொட்டி, சனிதோறும் ஒரு மூட்டை,
தீவனம் விலையேறிய நாளிலிருந்து
நானே முதுகில் சுமந்து வந்து கொட்டுவது.
பை நிறைந்தது. இறகு செய்யத் தேவையானது
அதில் இல்லை.
பக்கத்தில் நின்றவள் முதுகில் இருந்தது,
எடுத்துக்கொண்டாள்.

இப்போது ஆலையின் கழிவுத்துண்டுகளை வேகவைத்துப் போடுகிறேன்.
மோன்ஹா பத்து நாள் தனியறையில் இருந்தாள்.
முட்டையில் மீன் வாடை என்கிறான் நோல்பெர்த்தோ,
மூன்று தின்றுவிட்டு.
சாம்பலியின் முதுகில் நீல ஊசிமுனைகள்.
உள்ளே ரத்தம் ஓடுகிற இறகு, தொட்டால் வலிக்கும்.
குனிந்து பார்ப்பதோடு சரி.

ரெமிகியோவிடம் சேவலைத் திருப்பிக் கேட்டேன்.
அங்கே பதினோரு பெட்டையாம்,
ஒன்றுக்கும் முதுகு போகவில்லையாம்.
அதோடு பேச்சை மாற்றிவிட்டார்.

காற்றில்லாத காலையில் கால்வாயைத் தாண்டி
அவன் கூவுவது கேட்கிறது.
மோன்ஹா தலையைத் தூக்குகிறாள்.
நான் வாளியைக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.