மானியின் இடமாற்றம்

நகராட்சி அறிவித்துவிட்டது:
காற்று திருந்திவிட்டதாம், நாற்பது சதவீதம்.

ஸ்ட்ரூமா ஆற்றோரப் பேருந்து நிலையத்தில் இருந்த மானியைக்
குன்றின் மேல், கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனது
அறிக்கையில் இல்லை.
இறந்தவர்கள் நன்றாக மூச்சு விடுகிறார்கள்
என்று எழுதித் தந்தால் கையெழுத்துப் போடுவேன்.

"கருவி பொய் சொல்லாது, ரலித்சா"
என்கிறார் துணைமேயர் லச்செஸார்.
சொல்லாதுதான்.
நிறுத்திய இடத்துக்குத்தான் சாட்சி சொல்லும்.

சந்தையில் முட்டைக்கோஸ் ஊறுகாய் விற்கும் வெலிச்கா
கைபேசியில் பச்சை வட்டத்தைக் காட்டுகிறாள்,
இருமல் அடங்கியதும்.

மாலை ஆறு. மைனஸ் ஒன்பது.
என் அடுப்புக்கும் இது மூன்றாம் வாளி நிலக்கரி.
எரிவாயுக் குழாய் அடுத்த தேர்தலுக்குள் வருமாம்.
பால்கனியில் நானே மாட்டிய வடிகட்டித் தாள்
விடிவதற்குள் கறுத்துவிடும்.
எடை போடுவேன், குறித்துவைப்பேன்.
அதில் எத்தனை மைக்ரோகிராம் என் வீட்டுப் புகை
என்று மட்டும்
தராசைக் கேட்க மாட்டேன்.