இருப்புப் பதிவேடு, பக்கம் பதினான்கு

பீரோவின் சாவி பாதி சுற்றியதும் நிற்கும்.
முழங்காலால் கீழ்க்கதவில் ஒரு தட்டு தட்டுங்கள்.
திறக்கும்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது.
கலந்தாய்வில் பொதட்டூர்பேட்டை என்ற பெயரை
வேறு காலியிடம் இல்லாமல் தொட்டிருப்பீர்கள்,
நான் தொட்டதைப் போல.

கிளாரினெட் ஐந்து என்று எழுதியிருக்கும்.
நான்குதான் பேசும்.
ஐந்தாவதன் வாயைக் கழற்றி மூன்றாவதற்குக் கொடுத்துவிட்டேன்.
மிச்ச உடம்பைத் தூக்கிப் போடாதீர்கள்,
விரல் பழகப் போதும்.
சத்தமில்லாமல் பழகும் பிள்ளைகள் மீது
பக்கத்து அறைக் கணக்கு டீச்சருக்குத் தனிப் பிரியம்.

ரீடு, பெட்டிக்குப் பத்து.
பத்தில் மூன்று பிறவி ஊமை.
நிதி கேட்ட கடிதங்கள் நீலக் கோப்பில் உள்ளன,
பதில்கள் எந்தக் கோப்பிலும் இல்லை.
பெற்றோர் கூட்டத்தில் 'இசை வளர்ச்சி' என்று ஆரம்பிக்காதீர்கள்,
கொட்டாவி விடுவார்கள்.
'ரீடு தேய்கிறது, மாதம் நானூறு' என்று சொல்லுங்கள்.
தறி ஓட்டுகிறவர்கள்.
தேய்கிற பாகத்துக்குக் காசு என்றால்
மறுபேச்சில்லை.

தாளம் எண்ணும்போது பாதிப் பேர் ஒண்ணு என்பார்கள்,
பாதிப் பேர் ஒகட்டி.
மூணும் மூடும் முட்டிக்கொள்ளும்.
ரெண்டில் மட்டும்
வகுப்பு முழுக்க ஒரே வாய்.
அதனால் எங்கள் அணிவகுப்பில்
இரண்டாம் தட்டுதான் ஓங்கி விழும்,
வலது காலில்தான் புழுதி கிளம்பும்.
ஒரு வருஷம் திருத்திப் பார்த்தேன்.
அப்புறம் திருத்தவில்லை.

வரிசை எண் ஆறு, யூபோனியம்.
மூன்று பள்ளிக்கும் அது ஒன்றுதான்.
செவ்வாய் இங்கே,
புதன் அத்திமாஞ்சேரிப்பேட்டையில் யூனஸ் சாரிடம்,
வெள்ளி பள்ளிப்பட்டில் ஹேமாவதியிடம்.
போக வர பஸ்.
கண்டக்டர் நாதமுனி லக்கேஜ் போடமாட்டார்:
'மடியில உக்கார்ற புள்ளைக்கு ஏதுங்க டிக்கெட்?'

தணிக்கைக்கு வந்தது ஒரு புதன்கிழமை, ஒன்பதே முக்கால்.
'ஆறாம் எண் எங்கே?'
'பஸ்ஸில், சார்.'
பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.
பதிவேட்டில் மூன்றே கட்டங்கள்:
நல்ல நிலை. பழுது. கழிவு.
'எதில் எழுத?'
தேசம்மாவிடம் அடிஸ்கேல் வாங்கி
கழிவுக்கு வலப்பக்கம் இன்னொரு கோடு இழுத்தேன்.
தலைப்பு, ஒலிக்கிறது.
நெடுநேரம் பார்த்தார்.
கையெழுத்துப் போடவில்லை.
அடிக்கவும் இல்லை.

அந்தக் கோட்டை அடுத்த பக்கத்துக்கும் இழுத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு ஆனதும் பிள்ளைகளைச் சிறப்பு வகுப்பு எடுத்துக்கொள்ளும்.
சண்டைக்குப் போகாதீர்கள், நான் போய்த் தோற்றாயிற்று.
போகிறவர் தன் இடத்துக்கு ஓர் ஆள் கொண்டுவந்தால்தான்
கருவியைக் கீழே வைக்கலாம் என்று மட்டும் சட்டம்.
ஹரிபாபு இரண்டு பேரைக் கொண்டுவந்தான்.
இரண்டும் தங்கைகள்.
ஒருத்திக்கு முன்பல் இன்னும் முளைக்கவில்லை,
டிரம்மில் போட்டிருக்கிறேன்.

யூனஸ் சார் எண்ணும் ஹேமாவதி எண்ணும்
பீரோ உள்கதவில் சாக்கட்டியில் இருக்கின்றன.
இரவு பத்துக்கு மேலும் கூப்பிடலாம்.
முதல் மாதம் நான் அழுதுகொண்டே கூப்பிட்டேன்,
நாலு கிளாரினெட்டும் வாத்து மாதிரி கத்துகின்றன என்று.
யூனஸ் சார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
'ஐந்தாவது என்ன செய்கிறது?' என்றார்.

செவ்வாய் மூன்றரைக்கு நீங்கள் வராவிட்டாலும்
அவர்கள் வந்து நிற்பார்கள்.
தேசம்மா முதல் ஆள், பீரோவை ஒட்டி.
கதவில் ஒரு தட்டு என்றேன், நினைவிருக்கட்டும்.
ஒகட்டி என்று எண்ணிவிட்டு
ரெண்டுக்குக் காத்திருப்பாள்.