பின்னுக்குச் சூடு வருகுதோ

மார்க்கம் வீதியில் காலை நாலு பத்து.
மைனஸ் இருபத்தாறு.
கடவுச்சீட்டுப் படத்தில் இருக்கிற முகங்களோடு
ஒவ்வொருவராய் ஏறுவார்கள்.
ஏழு சீட்டு வண்டி. என்னோடு ஆறு பேர்.

முன்சீட்டு கிருபைராணிக்கு, முழங்கால் வருத்தம்.
நடுவில் ஹிதேஷ், நிரூபன்,
மரிசெலும் மடியில் அவளின் சோற்றுப் பெட்டியும்.
நடுச்சீட்டை மடித்து, முதுகையும் மடித்து,
கடைசி வரிசைக்குள் நுழைகிறவன் எமிலியான்.

மற்றவர்கள் எட்டு டொலர். அவன் நாலு.
வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று
நான்தான் சொன்னேன்.
சொன்னது பெருமையாகவும் இருந்தது.

வண்டியை விற்றவன் மேசையில் தட்டிச் சொன்னான்:
மூன்று வலயம், அம்மா.
முன்னுக்கு ஒரு காலநிலை, நடுவுக்கு ஒன்று,
பின்னுக்கு இன்னொன்று.
அறுபது மாதக் கட்டுக்காசில்
மூன்று காலநிலை வாங்கினேன்.

என்ஜின் சூடேறப் பதினொரு நிமிடம்.
போர்ட் யூனியன் தாண்டும்போதுதான்
காற்றுக்கு உயிர் வரும்.
கிருபைராணி கோட்டின் இரண்டு பொத்தானைக் கழற்றுவாள்.
ஹிதேஷின் தலை கண்ணாடியில் சாயும்.
மரிசெல் சப்பாத்துக்குள்ளிருந்து
குதிக்காலை மட்டும் வெளியே எடுப்பாள்.
நான் கண்ணாடியைப் பார்த்துக் கேட்பேன்:
"பின்னுக்குச் சூடு வருகுதோ?"
ஒரு தொப்பியும் இரண்டு கண்ணும் சொல்லும்:
"வருகுது அக்கா."

மூன்று மாரி கேட்டேன்.
மூன்று மாரியும் வந்தது.

யூலையில் கதை வேறு.
கடைசி வரிசைக்குத்தான் அடிபிடி.
அங்கேதான் ஏசி பிரிட்ஜ் திறந்த மாதிரி என்பான் நிரூபன்.
எமிலியான் எழும்பி இடம் விடுவான்,
நடுவில் வந்து முழங்கால் ஒடுக்கி இருப்பான்.
நல்ல வண்டி அக்கா, என்பார்கள் எல்லாரும்.
நல்ல வண்டிதான்.

பிரேக் கீச்சிட்டதென்று கொண்டுபோன இடத்தில்
ராம்சரூப் கையைத் துடைத்தபடி வந்தார்.
உள்ளே ஒரு தட்டு, சீட்டுக்கட்டில் ஒரு சீட்டளவு,
குளிர்ப்பக்கமாய்த் திறந்தபடி இறுகிப்போயிருக்கு.
அதைத் திருப்பும் பிளாஸ்டிக் சில்லில் மூன்று பல் இல்லை.
"இண்டைக்கு நேற்று முறிஞ்சதில்லை" என்றார்,
முறிந்த இடத்தில் படிந்த ஊத்தையை நகத்தால் காட்டி.
"பின்னுக்கு ஆக்கள் இருக்கிறவையோ?"

திருத்த முன்னூற்று நாற்பது.
திருத்த முதல் ஒருக்கால்
அவரின் வளவிலேயே, என்ஜினை ஓடவிட்டு,
நடுச்சீட்டை மடித்துப் பின்னுக்குப் போனேன்.
என் வண்டியில் நான் இருந்து பார்த்திராத இடம்.
கண்ணாடியின் உட்பக்கம் பனி.
முன்சீட்டின் இருபத்துநாலு பாகை
தூரத்து ஊர் வெளிச்சம்போலத் திரையில் தெரிந்தது.
பக்கத்துக் காற்றுத்துளையில்
நாலாய் மடித்துச் செருகிய ஒரு காலுறை.
யூலையில் அதைக் கண்டதாய் ஞாபகமில்லை.
சித்திரையில் எடுத்து
கார்த்திகையில் திரும்ப வைத்திருக்கிறான்.

அரைக்காசுக்கு அரைச்சூடு என்று நினைத்தானோ.
அதுவுமில்லையே, அரையும் இல்லையே.

திங்கட்கிழமை ஏறும்போது நாலு டொலர் நீட்டினான்.
வாங்கினேன்.
வாங்காமல் விட்டால் எனக்குத் தெரிந்தது
அவனுக்குத் தெரிந்துபோகும்.
காலுறையைத் தோய்த்து, காயவைத்து,
அவனது சீட்டில் வைத்திருந்தேன்.
அதை ஏன் வைத்தேனோ தெரியாது.
எடுத்துப் பையில் போட்டான், ஒன்றும் பேசவில்லை.

போர்ட் யூனியன் தாண்டியது.
அன்றைக்கு நான் கேட்கவில்லை.
வைட்ஸ் வீதி. லிவர்பூல் வீதி.
பின்னாலிருந்து ஒரு சத்தம்:
கையுறையின் வெல்க்ரோ கிழிபடுகிற சத்தம்.
கொஞ்ச நேரம் கழித்து மற்றக் கை.

ஏஜாக்ஸ் கிட்ட,
கேட்காமல் அவன் பேசியது அன்றுதான் முதல்தடவை:
"அக்கா, கொஞ்சம் குறையுங்கோ.
நித்திரை வருகுது."

குறைக்கவில்லை.
போமன்வில்லுக்கு இன்னும் முப்பது கிலோமீற்றர் கிடக்கு.
வரட்டும்.