பின்கியர்

முதல் சக்கரம் அட்டையில் பிறந்தது.
ஃபிரிட்ஜ் வந்த பெட்டியில் வட்டம் வரைந்து
ரொட்டிக் கத்தியால் அறுத்து
சமையலறைத் தரையில் நிறுத்தினான் இட்வால்.
முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று.
"ஆட்டோ ரிக்‌ஷா திரும்பி நடக்கிற மாதிரி" என்றேன்.
"அது வளைவில் கவிழும். இது கவிழாது" என்றான்,
எதுவும் கவிழும் என்று தெரிந்தவனின் குரலில்.

கும்டெரிப் பள்ளத்தாக்கில் மழைக்கு விடுமுறை கிடையாது.
கறவை இயந்திரம் பழுதுபார்க்கிறவன் அவன்;
பண்ணைகளிலிருந்து மாட்டு வாசனையோடும்
மிச்சக் குழாய்களோடும் வீடு திரும்புவான்.
என்ஜின், மதிலில் மோதிய மோட்டார் சைக்கிளுடையது:
முகம் போயிற்று, நெஞ்சு பத்திரம்.
முன்சக்கரங்கள் ஒரு குட்டிக் காருடையவை.
அதற்குள் கோழிகள் குடியிருந்தன,
அவற்றுக்கு வேறு வீடு கட்டித் தந்த பிறகுதான்
கழற்றிக்கொள்ளச் சொன்னார்கள்.

என்னைப் பெயின்ட் டப்பாமேல் உட்காரவைத்தான்.
இரண்டு செங்கல் பெடல்,
அம்மிக்கொண்டிருந்த தட்டு ஸ்டியரிங்.
முழங்காலை அளந்தான், இடுப்பை அளந்தான்.
கல்யாண மோதிரத்துக்குக்கூட
இவ்வளவு கவனமாய் அளக்கவில்லை.

அடுத்தது, பாரம் எங்கே விழுகிறது?
மூன்று சக்கரத்துக்கு மூன்று குளியலறைத் தராசு:
எங்களுடையது ஒன்று,
ரோலண்ட்ஸ் வீட்டு இரவல் ஒன்று,
போதகர் டெகிட் மனமுவந்து கொடுத்தது ஒன்று.
வலது முன் நூற்று முப்பத்தொன்று.
பின் நூற்று நான்கு.
இடது முன் நூற்று இருபத்திரண்டு.
ஒன்பது கிலோவைக் காணோம்.

பன்னிரண்டு இரவு தேடினான்.
சட்டம் முறுக்கிக்கொண்டதா, ஸ்பிரிங் இளகிற்றா,
நூல் கட்டினான், மட்டம் பார்த்தான்,
நல்ல பற்றவைப்பொன்றை அறுத்து மறுபடி வைத்தான்.
படுக்கையில் கண் திறந்தபடி
"இடப்பக்கம்" என்பான், என்னிடமல்ல.
பதின்மூன்றாம் இரவு தேநீரோடு போனேன்.
வண்டி ஜாக்கிமேல் நின்றது.
சும்மா, காலால் தள்ளி,
முன்தராசுகள் இரண்டையும் இடம் மாற்றினேன்.
இறக்கினான்.
குறை வலப்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

பொய் போதகரின் தராசில்.
எத்தனை வருடமாய் அதில் ஏறி நின்று
ஆண்டவருக்கு நன்றி சொன்னாரோ.
துடைத்துத் திருப்பிக் கொடுத்தோம்.
ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரலில் ஓடியது.
கதவில்லை, கூரையில்லை, பெயின்ட் இல்லை. மழை இருந்தது.
வளைவில் சாயவே இல்லை,
மூக்கை மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிற்று.
முன்சக்கரங்கள் இரண்டும் கண்ணெதிரே
மோப்பம் பிடித்த நாய்கள்போல் ஓடின.
சிரித்தேன்; வாயெல்லாம் சேறு.

அப்புறம் பால் லாரி.
ஒரு வண்டி அகலச் சாலை, இருபுறமும் கல்மதில்.
ஹைல்வென் சன்னலுக்கு வெளியே கையசைத்தாள்:
பின்னால் போ.
இட்வால் கியரைப் பார்த்தான்.
மோட்டார் சைக்கிளுக்கு ஏது பின்கியர்?
எட்டு மாதம், ஒரு கட்டு வரைபடம்,
இருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

இறங்கினேன்.
அதன் மூக்கில் கைவைத்துத் தள்ளினேன்.
அந்தப் பக்கம் மேடு என்பது
தள்ளும்போதுதான் தெரியும்.
வயல் வாசல்வரை எண்பது அடி;
எனக்குப் பின்னால் ஒரு லாரிப் பால்
பொறுமையாய் உறுமிக்கொண்டு வந்தது.
கடைசி இருபது அடிக்கு ஹைல்வென்னும் இறங்கி வந்தாள்.
"எந்தப் பக்கம் முன்னால்?" என்று மட்டும் கேட்டாள்.

நேற்றுப் பரிசோதனைப் படிவம் வந்தது.
'பின்னோக்கிச் செல்லும் ஏற்பாடு: உண்டு, இல்லை.'
பென்சிலைக் கடித்தபடி அவன் உட்கார்ந்திருந்தான்.
வாங்கி, 'உண்டு' என்பதில் குறியிட்டேன்.

இன்று சமையலறையில் மறுபடி அட்டை,
ஸ்டார்ட்டர் மோட்டார், ஒரு பல்சக்கரம்.
"உன் வேலை போகப்போகிறது" என்கிறான்.
போகட்டும்.
கையுறையை இருக்கைக்கடியிலேயே வைத்திருக்கிறேன்.