பி பிளாக், மோட்டார் ரூம்

பழுதான மோட்டாரைத் தூக்கிவிட்டுத்தான்
பேட்டரியை வைத்தோம்.
ஐஸ்பெட்டி இரண்டை அடுக்கினாற் போல, சாம்பல் நிறம்.
எர்ணாவூருக்குச் சாம்பல் புதிதா என்ன,
துணிக்கொடியில் தினமும் வந்து உட்காருவதுதான்.

மொட்டைமாடியில் தகடுகள் முப்பத்தாறு.
குடித்தனம் நாற்பத்தெட்டு.
கணக்கு நோட்டு என்னிடம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து எபினேசர் வந்தபின் கூட்டம்.
பகலில் யூனிட் மூன்று ரூபாய்,
ஆறு மணிக்கு மேல் ஏழு, என்று படித்தேன்.
"ஒரே கரண்டுக்கு ரெண்டு வெலையா?"
டெல்லிபாபு எழுந்துவிட்டார்.
காசிமேட்டில் ஏலம் கூவுகிறவர்.
நாலு மணி வஞ்சிரமும் பதினோரு மணி வஞ்சிரமும்
ஒரே விலையா அண்ணே, என்றேன்.
சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.
அங்கே வெயில் ஏற ஏற இறங்கும்,
இங்கே இறங்க இறங்க ஏறும்.

பெரிய சண்டை அதற்குப் பிறகுதான்.
நூறு போட்டால் தொண்ணூறுதான் திரும்பும்.
மீதிப் பத்து?
எபினேசர் பார்த்த பார்வையில்
பத்தையும் தின்றவன் நான்.
"ஐஸ் உருகுன தண்ணிக்கு யாராண்ட பில்லு கேப்பே?"
கூடையை நகர்த்தியபடி தேசம்மாள் சொன்னாள்,
"எல்லார் தலையிலயும் போடு."
போட்டேன். வீட்டுக்கு மாதம் பதினொரு ரூபாய்.

கீழ்த்தளத்து ஜரீனாவின் மகனுக்குக்
காற்று கெட்ட ராத்திரிகளில்
பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நெபுலைசர் ஓடும்.
அந்த வீட்டுக்கு இலவசம் என்று தீர்மானம்.
எல்லோரும் கை தட்டினார்கள்.
ஜரீனா தட்டவில்லை.

"சும்மா குடுத்துட்டு
ஒருநாள் காலியாப்போச்சுன்னா யாரைக் கேக்கறது?
வெலை போடுங்க. எம்பேரை எழுதுங்க.
ராவுக்கு ஒரு யூனிட், யாரும் தொடாம இருக்கணும்.
அதுக்குத்தான் காசு."

விற்றதற்கு நோட்டில் கட்டம் உண்டு,
வீணானதற்கும் இப்போது உண்டு.
விற்காமல் வைத்திருப்பதற்கு
என்ன விலை, எந்தக் கட்டம்?
ஸ்கேலை வைத்து ஓரத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
தலைப்பு தோன்றவில்லை.
ஜரீனா, 1 என்று மட்டும் எழுதினேன்.

இன்று ஒன்பது நாற்பதுக்குக் கரண்ட் போனது.
திரையில் முப்பத்தொன்று, இருபத்தாறு, பதினாலு.
மூன்றாம் மாடியில் யாரோ
இந்நேரத்துக்கு மாவாட்டுகிறார்கள்.
நாலு சதவீதத்தில்
மற்ற வீடுகளின் ஸ்விட்சை இறக்கினேன்.
அந்த நாலுதான் அவளுடைய ஒன்று.

மேலேயிருந்து டெல்லிபாபு கத்துகிறார்.
இரண்டு மணிக்கு ஏலத்துக்குக் கிளம்ப வேண்டியவர்,
ஃபேன் இல்லை. நியாயம்தான்.

கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.
எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கியின் சிவப்பு விளக்கு
அணைந்து அணைந்து எரிகிறது.
அதற்கு யூனிட் என்ன விலையோ.
மணி பத்தே முக்கால்.