தண்ணீர் குடிக்காதவன்

புந்தா அரீனஸில் அக்டோபர் பிறந்தால்
நகராட்சி ஆட்கள் வந்து
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
மகெல்லன் நீரிணையிலிருந்து ஏறிவரும் காற்று
ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.
கயிற்றைப் பிடித்தபடி
வங்கி மேலாளரும் நடப்பார், மீன்காரியும் நடப்பாள்,
கோணலாய், குனிந்து, கோட்டு தலைமேல் ஏற.
அன்று மட்டும்
யார் எப்படி நடக்கிறார்கள் என்று
யாரும் பார்ப்பதில்லை.

மற்ற நாட்களில்
எலிசேயோ பார்ரியாவின் நடையைப் பார்த்தோம்.

ஒன்பதாம் வகுப்பு, ஜன்னலோரம், மூன்றாவது பெஞ்சு.
பேசும்போது அவன் கைகள் முன்னால் போகும்,
வார்த்தைகள் பின்னால் வந்து சேரும்.
சுண்டுவிரல் நகத்தில் மட்டும் நீலம்,
அக்காவின் குப்பியில் மிச்சமிருந்ததாம்.
அவ்வளவுதான்.
இவ்வளவுக்குத்தான் அத்தனையும்.

தான்கோ முதலில் அவனைப்போல் நடந்து காட்டினான்.
நன்றாகவே நடந்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.
முழங்கையின் அந்தச் சின்ன வளைவுகூடத் தப்பவில்லை.
பிறகு அது விளையாட்டாயிற்று,
கரும்பலகையிலிருந்து கதவுவரை
ஆளுக்கொரு முறை.
என் முறை வந்தது.
நடந்தேன்.

கழிப்பறையில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை.
பார்க்காமலிருப்பதற்காகவே
இடைவேளை முழுக்க
மைதானத்தின் தூரக் கோடியில் நின்றேன்.
'ஆணா பெண்ணா, காட்டிவிட்டுப் போ'
அங்கேயும் கேட்டது.
யார் யார் குரல் என்றும் தெரிந்தது.
அவன் திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது,
ஆசிரியை ஹீட்டர் பக்கம் உட்காரச் சொன்னார்.
வேறொன்றும் கேட்கவில்லை.

மே மாதம்தான் கவனித்தேன்.
அவன் தண்ணீர் பாட்டில்
காலையில் நிறைந்து வந்தது,
மாலையில் நிறைந்தே திரும்பியது.
மதிய உணவில் சூப்பைத் தள்ளிவைத்து
ரொட்டியை மட்டும் பிய்த்துத் தின்றான்.
எட்டிலிருந்து நாலுவரை
ஒரு சொட்டு இல்லை.
உதடு வெடித்தது. தலைவலி என்று டெஸ்கில் கவிழ்ந்தான்.
கணக்கில் தோற்றான். பாட்டுக் குழுவில் நின்றுவிட்டான்.
தன் கைகளின்மேலேயே
உட்கார்ந்துகொள்ளப் பழகினான்.
'பையன் இப்போது அடக்கமாகிவிட்டான்' என்று
முன்னேற்ற அறிக்கையில் எழுதினார்கள்.

ஜூனில் காய்ச்சல். சிறுநீரகத்தில் கிருமி.
ஒன்பது நாள் ஆஸ்பத்திரி.
அவன் பெஞ்சில் வெயில்கூடப்
பத்து மணிக்குமேல்தான் வந்து உட்கார்ந்தது,
ஐந்துக்கெல்லாம் எழுந்து போனது.

இன்னொன்றும் இருக்கிறது.
அந்த ஒன்பது நாளும்,
அம்மா நண்டு ஆலைக்குப் போனபின்,
வீட்டு நடைவழியில்
என் நடையைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.
தோள் ஆடுகிறதா,
மணிக்கட்டு தளர்கிறதா,
சிரிப்பு நீளுகிறதா.
பதினாலு அடி போக, பதினாலு அடி வர.
எலிசேயோ இல்லாத வகுப்பில்
அடுத்து யாருடைய நடை என்று
எல்லோருக்குமே உள்ளங்கால் கூசியது.

தான்கோவும் அவன் வீட்டில் நடந்து பார்த்திருப்பான்
என்று இப்போது தோன்றுகிறது.
முழங்கை வளைவுவரை
அவனுக்கு வேறெப்படித் தெரிந்திருக்கும்?

அக்டோபர். சனிக்கிழமை. கயிறு கட்டியாயிற்று.
எலிசேயோவும் நானும்
ஒரே கயிற்றில், நாலடி தள்ளி.
அவன் சுண்டுவிரலில் நீலம் இல்லை,
நகமே சரியாக இல்லை, சதைவரை கடித்திருந்தான்.
நான் ஏதோ சொன்னேன்.
காற்று கொண்டுபோயிற்று.
'என்ன?' என்று கத்தினான்.
'ஒன்றுமில்லை' என்று கத்தினேன்.
இரண்டாம் முறை சொல்லும் அளவுக்கு
நான் அதைத் தயாரித்து வைத்திருக்கவில்லை.

முனைக் கடையில் ஒரு பாட்டில் வாங்கினான்.
சுவரோடு சாய்ந்து, கண்ணை மூடி,
தொண்டை ஏறி இறங்க,
நிறுத்தாமல் குடித்தான்,
திங்கட்கிழமைக்கும் சேர்த்துக் குடிப்பவனைப்போல.